கதவு பூட்டு

கரண்ட் கணக்கு எடுப்பவள் நான்.
செம்மண்டலத்திலிருந்து தேவனாம்பட்டினம் வரை
எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும்
எனக்குத் தெரியும்.
இருபத்தோரு வருஷமாய்
காலையில் நின்றபடியே சாப்பிட்டவள்.

சாப்பிட்டவள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.
ஒரு கை கரண்டியில், ஒரு கை டிபன் மூடியில்.
பிய்ந்துபோன தோசை எதுவோ அது என் பங்கு.
எதுவும் பிய்யாத நாளில்
நானே ஒன்றைப் பிய்த்துக்கொள்வேன்.

வயிறு எரிந்து மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
மாத்திரை எழுதிவிட்டு டாக்டரம்மா
"உக்காந்து சாப்பிடுறீங்களா?" என்றார்.
வேறெது கேட்டிருந்தாலும் பொய் சொல்லியிருப்பேன்.

மறுநாளே தட்டு, தண்ணீர், இரண்டு சட்னி
எல்லாம் பரப்பி அமர்ந்தேன்.
பால் பொங்கியது.
கலைவேந்தனுக்கு ஒரு சாக்ஸைக் காணோம்.
தெருமுனையில் சிப்காட் பஸ் ஹாரன் அடிக்க
இவருக்கு அடையாள அட்டையைக் காணோம்.
மூன்று நாள்.
நாலாம் நாள் தட்டு பரணுக்குப் போனது.

பிறகொரு மத்தியானம்
உப்புக்காற்று தின்ற ஒரு பெட்டிக்குள்
மீட்டரின் சிவப்புப் பொட்டு சிமிட்டியது.
வீட்டில் ஆளில்லை.
சாமி படத்துக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு மட்டும்.
கண் இமைக்காமல் பார்த்தேன்.
அடுத்த சிமிட்டல் வர
பக்கத்து வீட்டு மீன் கழுவி முடிந்துவிட்டது.
இது எப்போது ஒரு யூனிட் ஆக!
ஆகியிருந்தது.
போன முறையைவிட ஏழு கூட என்று
அட்டையில் என் கைதான் எழுதியது.

அடுத்த காலை
குக்கர் மூன்றாவது விசில் விட்டதும் அடுப்பை அணைத்தேன்.
ஆவி அடங்கும்வரை யாரும் அதைத் திறக்க முடியாது;
என்னையும்.
அரிசி டிரம் மேல் உட்கார்ந்தேன்.
ஒரே ஓர் இட்லி.
யாரும் கூப்பிடுமுன் எழுந்துவிட்டேன்,
திருடியவள்போல.

பதினாறு நாள் அதே விசில், அதே ஓர் இட்லி.
இரண்டாவதுக்குப் போன கையை நானே தட்டினேன்.
லோடு ஏறினால் ஃபியூஸ் போகும்.
பதினேழாம் நாள் இரண்டு. அதோடு கொத்தமல்லிச் சட்னி.
"ஏன் நாயகி, உடம்பு சரியில்லையா?"
வாசற்படியில் நின்று இவர் கேட்டார்.
"இல்ல. சாப்பிடுறேன்."
பெரிய செய்தி கேட்டவர்போல்
தன் அடையாள அட்டையைத் தானே தேடப் போனார்.
டிவி மேல்தான் இருந்தது. என்றைக்கும் அங்கேதான்.

கார்த்திகையில் புயல்.
அறுந்த கம்பியும் விழுந்த கம்பமுமாய்
பதினோரு நாள் ஊரே இருட்டு.
ஆபீஸ் வராந்தாவில் நின்றபடி
யாரோ நீட்டிய பன்னைத் தின்றேன்.
பன்னிரண்டாம் காலை என் அடுப்படியில்
விசில் வந்தது. நான் உட்காரவில்லை.
கை தானாய் ஒரு தோசையைப் பிய்த்தது.
இவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அன்று வண்டிப்பாளையத்தில் நாலு வீட்டில் ஆளில்லை.
ஆளில்லாத வீட்டை என்ன செய்வோம்?
இணைப்பையா வெட்டுவோம்?
கதவு பூட்டு என்று குறித்துவிட்டு
திரும்பப் போவோம்.
ஆள் இல்லை என்பதற்காக
எந்த மீட்டரும் பூஜ்யத்துக்குத் திரும்பியதில்லை.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியில்
பன்னிரண்டு கட்டத்திலும் எழுதினேன்:
கதவு பூட்டு. கதவு பூட்டு. கதவு பூட்டு.
பதின்மூன்றாவதில் ஓர் இட்லி.
ஆமாம், மறுபடி ஒன்றிலிருந்து.
ஆனால் டிரம்முக்கு என்னைத் தெரிந்திருந்தது.

இப்போது முக்காலி இருக்கிறது.
வெண்ணிலா எங்கிருந்தோ இழுத்துவந்து போட்டாள்,
எதுவும் சொல்லவில்லை.
இன்று மூன்றாவது இட்லியில் பாதி இருக்கும்போது
உள்ளிருந்து கத்துகிறாள்,
அம்மா, சீப்பு எங்கே.

இரு, என்றேன்.
அவளைச் சொன்னேனோ
என்னைச் சொன்னேனோ.
இருந்தேன்.